மூணாங்கட்டை யுனைட்டட்டின் செக்ரட்டரி

போன வெள்ளிக்கிழமை பண்டாரவளை பஸ் ஸ்டாண்டில் நான் ஒரு பிரமுகர் ஆனேன். முழுசாக ஒரு நிமிஷத்துக்கு.

மகளைப் பல் டாக்டரிடம் காட்டிவிட்டு பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். ஒலிபெருக்கியில் டைம் கீப்பர் வழக்கம்போல ஊர்ப் பெயர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். வெலிமடை... ஹப்புத்தளை... எல்ல... திடீரென்று அதே குரல், அதே ராகத்தில் -

"செக்ரட்டரி அக்கா... செக்ரட்டரி அக்கா... உடனே டைம் கீப்பர் கந்தோருக்கு வாங்க!"

யாரோ பெரிய மனுஷி வந்திருக்கிறாள் போல என்று நானும் எல்லோரோடும் சேர்ந்து திரும்பிப் பார்த்தேன்.

"பச்சை சேலை... சிவப்புக் குடை..."

என் சேலையைப் பார்த்தேன். பச்சை. குடையைப் பார்த்தேன். வேறென்ன... சிவப்புதான்.

அந்த ஆபீஸ் வாசலில் வழுக்கைத் தலையும் தொப்பையுமாக ஒருவர் இரண்டு கைகளையும் விரித்து நின்றார். அந்தக் கைகளைப் பார்த்ததும்தான் ஆள் யாரென்று புரிந்தது. அவ்வளவு பெரிய உள்ளங்கை ஊவா மாகாணத்திலேயே ஒருவருக்குத்தான் உண்டு. சிறிபால! அன்று எங்கள் கோல் கீப்பர், இன்று டைம் கீப்பர்.

"அக்கா, ரூல் புத்தகம் இன்னும் பத்திரமா இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். சௌக்கியம் விசாரித்தது அதற்குப் பிறகுதான்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மகள் ஆரம்பித்தாள். "அம்மா, நீங்க எந்த ஆபீஸ்ல செக்ரட்டரியா இருந்தீங்க?"

"ஆபீஸ் இல்ல. புட்போல் கிளப்."

பல் வலியை மறந்து சிரித்தாள். "நீங்களா?"

ஏன் சிரிக்க மாட்டாள்? ரோட்டில் பந்து உருண்டு வந்தால் குடையை முன்னால் நீட்டிக்கொண்டு ஒதுங்கும் அம்மாவைத்தானே அவளுக்குத் தெரியும். என் ஆயுளில் நான் பந்தை உதைத்தது ஒரே ஒரு முறை. செருப்பு பறந்துபோய் வேலிக்கு அப்பால் விழுந்தது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆனாலும், நான் செக்ரட்டரிதான். அறுபதுகளின் கடைசியில், கல்யாணம் ஆகி பண்டாரவளைக்கு வரும்வரை, மூணாங்கட்டை யுனைட்டட் உதைபந்தாட்டக் கழகத்தின் கௌரவ செக்ரட்டரி. பஸ்ஸில் மகளுக்குச் சொன்ன கதையை இந்த வாரம் உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

பதுளையிலிருந்து ஹாலிஎல போகிற ரோட்டில் மூன்றாவது மைல் கல் இருக்கிற இடம்தான் மூணாங்கட்டை. மைல் கல்லை எங்கள் பக்கம் 'கட்டை' என்றுதான் சொல்வோம். ரோட்டுக்கு மேலே தேயிலைத் தோட்டம், தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள். ரோட்டுக்குக் கீழே வயல், சிங்களக் கிராமம். ரோட்டோரம் நாலு கடைகளும், எங்களைப் போல பதுளை ரவுணில் வேலை செய்துகொண்டு ரவுணுக்கு வெளியே வாடகைக்கு இருந்தவர்களின் வீடுகளும்.

மேலே இருந்தவர்கள், கீழே இருந்தவர்கள், நடுவில் இருந்தவர்கள் - ரோட்டில் கண்டால் தலையாட்டிக்கொள்வோம். அவ்வளவுதான். பையன்கள் மட்டும் சாயங்காலமானால் வளைவில் ஒரு பந்தை வைத்துக்கொண்டு லொறிக்காரர்களிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

நான் பதுளையில் ஒரு புரொக்டர் ஆபீஸில், அதாவது வக்கீல் ஆபீஸில், டைப்பிஸ்ட். அந்த வருஷங்களில் புரொக்டர் ஆபீஸ் டைப்பிஸ்ட்டுகளுக்கு என்ன வேலை தெரியுமா? ஒரே வேலை - பிரஜாவுரிமை மனு. இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் செய்துவிட்டன. யார் இங்கே, யார் இந்தியாவுக்கு என்று இந்திய வம்சாவளியில் வந்த ஒவ்வொரு குடும்பமும் எழுதிக் கொடுக்க வேண்டும். காலையிலிருந்து ஆபீஸ் விறாந்தை நிறையத் தோட்டத்து ஜனங்கள். பெயர், தகப்பன் பெயர், பிறந்த இடம், எத்தனை வருஷமாக வசிக்கிறார்... அடித்து அடித்து என் விரல்களுக்கே அது மனப்பாடம். எங்கள் வீட்டு மனுவையும் நான்தான் அடித்தேன். அதுவும் மற்றவர்களுடையதைப்போல ஏதோ ஒரு பெரிய ஆபீஸில் ஏதோ ஒரு கட்டுக்குள் கிடந்தது.

ஒரு நாள் வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கியபோது கபூர் நானா கடை வாசலில் நின்று கூப்பிட்டார். வளைவில் இருந்த ஹார்ட்வேர் கடை அவருடையது. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் 'நானா' என்போம். உருண்டையான மனிதர். அவரும் பந்தை உதைத்தவர் இல்லை. ஆனால் பையன்கள் விளையாடும்போது கடையில் ஆணி கேட்டு வருகிறவர் ஆட்டம் முடியும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். அவர் பக்கத்தில் ராமையா நின்றார். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. ஒல்லியான, அதிகம் பேசாத ஆள். பந்து காலுக்கு வந்தால் மட்டும் வேறு ஆள்.

"தங்கச்சி, இத கொஞ்சம் டைப் அடிச்சித் தர ஏலுமா? பெரிய தொரைக்கு அனுப்போணும்."

தோட்டத்துரைக்கு ஒரு கடிதம். வாங்கிப் பார்த்தேன். இரண்டு பக்கம். 'மேன்மை தங்கிய, கருணைக் கடலாகிய' என்று ஆரம்பித்திருந்தது. முதல் பக்கம் முழுக்க அந்தக் கடலிலேயே நீந்தி, இரண்டாம் பக்கத்தின் நடுவில்தான் 'பந்து' என்ற சொல்லே வந்தது. இதே மாதிரி ஏற்கனவே மூன்று கடிதங்கள் போயிருந்தனவாம். பதிலே இல்லையாம்.

"இதுல என்ன கேக்குறீங்க?" என்றேன்.

ராமையா சொன்னார். "ரோட்டுக்கு மேல பழைய மாட்டுப்பட்டி இருக்குல்லங்க... அந்த எடம். சும்மா மானாப்புல்லு மண்டிக் கெடக்கு. அத வெளையாடக் கேக்குறோம்."

"அது இதுல எங்கயும் இல்லையே?"

"எழுதாட்டி வெளங்காதா?" என்றார் கபூர் நானா.

மறுநாள் ஏழு வரியில் ஒரு கடிதம் அடித்தேன். நாங்கள் யார், எந்த இடம், எதற்கு, எப்போது வந்து உங்களைப் பார்க்கலாம். கீழே கபூர் நானாவின் கையெழுத்து. ஐந்தாம் நாள் பதில் வந்துவிட்டது! தோட்டத்துக்குத் தேவைப்படும்வரை உபயோகித்துக்கொள்ளலாம் என்று துரை கையெழுத்துப் போட்டிருந்தார்.

அந்த வாரமே கபூர் நானா கடையில், சீமெந்து மூட்டைகள்மேல் உட்கார்ந்து ஒரு கூட்டம். கிளப்புக்குப் பெயர் வைத்தார்கள். கபூர் நானா தலைவர். ராமையா கேப்டன். செக்ரட்டரி என்று வந்ததும் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

வீட்டில் அப்பா கொதித்தார். "பொம்பளப் புள்ளைக்கு புட்போல் கிளப்புல என்னா வேல?"

அம்மா அரிசியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "லெட்டர் அடிக்கிற வேல. பந்து அடிக்கிறதுக்கு வேற ஆளு இருக்காங்க."



மைதானம் கிடைத்துவிட்டது என்று சொன்னேன் அல்லவா? அதில் ஒரு சின்னக் குறை. அது மைதானம் இல்லை... மலைச்சரிவு. மேல் கோல் கம்பத்தின் அடிப்பாகமும் கீழ்க் கோலின் மேல்கட்டையும் கிட்டத்தட்ட ஒரே உயரம். டாஸ் ஜெயித்தவர்கள், களைத்துப்போகிற இரண்டாம் பாதியில் இறக்கத்தைக் கேட்பார்கள். ஏற்றத்தில் விளையாடுகிறவர்கள் பந்தை மேலே உதைத்துவிட்டு, அது திரும்பி உருண்டு வருவதற்குள் மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

கீழ்க் கோலுக்குப் பின்னால் போன பந்து நேரே ரோட்டைத் தாண்டி வயலுக்குள். அங்கேதான் சிறிபால அகப்பட்டார். அப்போது அவர் பதுளை பஸ் ஒன்றில் கண்டக்டர், வேலையில்லாத நாளில் அப்பாவோடு வயலில். ஒரு தடவை நாற்றுக்கு நடுவில் விழுந்த பந்தைக் கோபத்தோடு எடுத்து வீசினார். வயலிலிருந்து ரோட்டுக்கு மேலாகப் பறந்து மைதானத்தின் நடுக்கோட்டில் வந்து விழுந்தது பந்து! ராமையா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கீழே பார்த்தார்.

"அந்த ஆள நம்ம கோலுக்கு நிப்பாட்டணும்."

அப்படித்தான் கீழே இருந்தவர்கள் மேலே வந்தார்கள்.

பதுளை லீக்கில் சேர வேண்டுமென்றால் மட்டமான மைதானம் வேண்டும் என்று லீக்கிலிருந்து எழுதியிருந்தார்கள். சரி, மட்டமாக்கிவிட்டால் போச்சு! அப்போது நம் நாட்டில் ஞாயிறு லீவு கிடையாது, நினைவிருக்கிறதா? போயாவுக்குத்தான் - பௌர்ணமி, அமாவாசை, அட்டமிகளுக்குத்தான் - லீவு. போயாவுக்குப் போயா மண்வெட்டிகளோடு கிளம்பினோம். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டினோம். லயத்துப் பெண்கள் சட்டியில் மண் சுமந்தார்கள். நான் கல் பொறுக்கினேன். கபூர் நானா எல்லோரையும் வேலை வாங்கினார்.

சில மாதம் கழித்து ஒரு நாள் சிறிபாலவின் அப்பா மேலே வந்தார். ஒரு ஓரத்தில் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்னா சொல்றாரு?" என்றார் ராமையா.

சிறிபாலவுக்குச் சொல்லவே தயக்கம். "நீங்க மலைய இடிக்கலையாம்... அந்தப் பக்கத்துல இருந்து இந்தப் பக்கத்துக்கு மாத்தி வச்சிருக்கீங்களாம்."

கண்ணால் பார்த்து மட்டம் பிடித்தால் வேறென்ன ஆகும்? அந்த மனிதர் ஆயுள் முழுக்க மலைச்சரிவில் வயல் செய்தவர். சுற்றிலும் வரப்புக் கட்டச் சொன்னார். மேலே போன ஓடையை ஒரு பகல் மைதானத்துக்குள் திருப்பிவிட்டார். ஒரு பக்கம் முழங்கால் தண்ணீர். இன்னொரு பக்கம் தீவு மாதிரிக் காய்ந்த மேடு. எங்கள் பல மாத உழைப்பின் லட்சணம் எல்லோர் கண்ணுக்கும் பளிச்சென்று தெரிந்தது. தண்ணீர் நின்ற இடங்களில் முளைக் குச்சி நட்டார். தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி வெட்டினோம். மறுபடி தண்ணீர். மறுபடி குச்சி.

ஒரு போயா நாள் தண்ணீரைத் திருப்பியபோது மைதானம் முழுக்க ஒரே அளவாகக் கணுக்கால் உயரத்துக்கு நின்றது. வானம் அதில் அப்படியே தெரிந்தது. கபூர் நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடு மைதானத்துக்கு நடந்துபோய்ச் சும்மா நின்றார். 

"இப்ப நெல்லு நட்டாலும் வெளையும் நானா!" என்று கத்தினார் ராமையா.

யூகலிப்டஸ் மரத்தில் புதுக் கோல் கம்பங்கள். லீக்கிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், நாடா பிடித்து அளந்தார்கள், தலையை ஆட்டினார்கள். மூணாங்கட்டை யுனைட்டட் லீக்கில் சேர்ந்தது. கூடவே ஆங்கிலத்தில் ஒரு சின்ன ரூல் புத்தகம் தந்தார்கள். யாருமே அதைத் திறக்கவில்லை. நான் தினமும் பஸ்ஸில் படித்தேன். ஆஃப்சைட் என்றால் என்ன என்று இன்றைக்கும் ஒப்பிப்பேன். மைதானத்தில் நடக்கும்போது கண்ணுக்குத் தெரியாது... அது வேறு விஷயம்.

முதல் வருஷமே அரை இறுதிக்கு வந்துவிட்டோம். எதிரே ஒரு டவுன் கிளப். பெயர் வேண்டாம், அவர்களில் பலர் பிற்பாடு எங்களுக்கு நல்ல சிநேகிதர்களானார்கள். அவர்களுக்குப் பதினொரு ஜோடி பூட்ஸ், ஒரே நிறத்தில் ஸ்டொக்கிங்ஸ். எங்களுக்கு ஏழு ஜோடி பூட்ஸ். மற்ற நாலு பேர் வெறுங்கால். ராமையாவுக்கு பூட்ஸ் வாங்கித் தருவதாகக் கபூர் நானா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். "வேணாங்க நானா, பந்து எங்க இருக்குன்னு காலுக்குத் தெரியாமப் போயிரும்" என்று சொல்லிவிட்டார்.

ஆட்டம் முடிய ஏழெட்டு நிமிஷம். சிறிபால கையால் வீசிய பந்து நடுக்கோட்டைத் தாண்டி ராமையாவிடம் வந்தது. ஒருவரைத் தாண்டினார். இன்னொருவர் பூட்ஸோடு சறுக்கி வர, பந்தைத் தூக்கித் தானும் தாண்டினார். கோல் கீப்பர் முன்னால் ஓடிவந்தார்... ராமையா உதைக்கவே இல்லை. உள்ளங்காலால் மெதுவாகத் தள்ளினார். பந்து அவசரமே இல்லாமல் உருண்டு உள்ளே போனது. ஒன்றுக்கு சைபர்!

நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். குடை உடைந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

நாலாம் நாள் ஆபீஸ் விலாசத்துக்கு லீக்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. டவுன் கிளப் ஆட்சேபம் எழுதியிருந்தது. 'மூணாங்கட்டை அணியின் கேப்டன் ராமையா இந்நாட்டுப் பிரஜை அல்லர். ஆகவே வெற்றியை ரத்துச் செய்ய வேண்டும்.' சனிக்கிழமை பிற்பகல் விசாரணை.

என் மேசையில் அன்றைக்கு அடிக்க வேண்டிய பிரஜாவுரிமை மனுக்கள் ஒரு கட்டாக இருந்தன. அவற்றின்மேல் இந்தக் கடிதம்.  காலை முதல் மாலைவரை நான் பார்க்கிற அதே கேள்வி... பந்து விளையாடுகிற இடத்துக்கும் வந்துவிட்டதே!

கடையில் கூட்டம் கூடியது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒருவர், மன்னிப்புக் கடிதம் எழுதிவிடலாம் என்றார். இன்னொருவர், ராமையாவை விட்டுவிட்டு மறுபடி விளையாடுகிறோம் என்று கேட்போமே என்றார். நான் கபூர் நானாவைப் பார்த்தேன். அவரும் குனிந்துகொண்டார்.

"லீக்க விட்டு வெலக்கிட்டா என்ன செய்ற தங்கச்சி? அந்த மலைய வெட்டினது எத்தன பேரு... எல்லாம் வீணாப் போயிருமே."

ஆணிப் பெட்டி ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்த ராமையா எழுந்தார். "நான் ஒதுங்கிக்கிறேன் நானா. என்னால கிளப்புக்கு ஒண்ணும் ஆக வேணாம். எனக்கு இது பழக்கந்தானே."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னார். 'மழை வரும்போல இருக்கு' என்கிற மாதிரி.

எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு குரல் வந்தது என்று தெரியாது. "யாரும் ஒதுங்க வேணாம். புத்தகத்துல அப்படி இல்ல" என்றேன்.

"இல்லையா?" சிறிபால நிமிர்ந்தார்.

"பிரஜைன்னு ஒரு எடத்துலயும் இல்ல. மாவட்டத்துல ஆறு மாசம் வசிச்சிருக்கணும்னுதான் இருக்கு. வசிக்கிறவர் வேற, பிரஜை வேற. ஒரு நாளைக்கு நாப்பது தடவ நான் அந்த வார்த்தையத்தான் அடிக்கிறேன்."

கபூர் நானா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நீங்களே வந்து சொல்லுங்க தங்கச்சி. எங்களுக்கு அந்த இங்கிலீஸ் பேச ஏலா."

வீட்டில் சொன்னேன். இந்தத் தடவை அப்பா கொதிக்கவில்லை. பயந்தார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"அங்க போயி எந்திரிச்சி நிக்காதம்மா. ராமையாவக் கேட்டவங்க அடுத்து உன்னயக் கேப்பாங்க. நம்ம மனு இன்னும் உள்ளதான் கெடக்கு."

அவர் சொன்னதில் என்ன தப்பு? எனக்கும் அதே பயம்தான். வியாழனும் வெள்ளியும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் ராமையா 'பழக்கந்தானே' என்று சொன்ன விதம் காதை விட்டுப் போகவே இல்லை.

சனிக்கிழமை அம்மா தன்னுடைய ஒரே நல்ல சேலையை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால்... இரண்டு சீட்டுக்குப் பின்னால் அப்பா! யாரோ தெரியாத ஆள் மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

பதுளையில் ஒரு ஸ்கூல் ஹோலில் விசாரணை. நீள மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். எதிரே கபூர் நானா, ராமையா, சிறிபால. டவுன் கிளப்பின் செக்ரட்டரி கழுத்துப் பட்டி கட்டி வந்திருந்தார். நல்ல ஆங்கிலத்தில் பேசினார். விசாரணைக் கமிட்டியின் தலைவர், கபூர் நானாவைப் பார்த்து, "உங்கள் பதில்?" என்றார்.

"எங்கட செக்ரட்டரி சொல்லுவாங்க."

எழுந்தேன். ஹோலில் ஒரே பெண் நான்.  அம்மாவின் சேலையைச் சரிசெய்துகொண்டு கேட்டேன்.

"பிரஜையாக இருக்க வேண்டும் என்பது எந்தப் பக்கத்தில் இருக்கிறது, சேர்?"

டவுன் கிளப் செக்ரட்டரி சிரித்தார். "இதெல்லாம் எழுதித்தான் வைக்க வேண்டுமா? எல்லோருக்கும் தெரிந்ததுதானே?"

நான் புத்தகத்தைத் திறந்து அந்த ரூலைச் சத்தமாக வாசித்தேன். தலைவர் தன் புத்தகத்தைப் புரட்டினார். அவருடையதில் பக்கங்கள்கூடப் பிரியவில்லை. பென்சில் முனையால் பிரித்து எடுத்தார்.

அப்போதுதான் டவுன் கிளப் செக்ரட்டரி என்னிடம் திரும்பினார். "ஒரு கேள்வி. மிஸ், நீங்கள் இந்நாட்டுப் பிரஜையா?"

அப்பா பயந்த கேள்வி.  பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. திரும்பிப் பார்க்காமலே அது யாரென்று எனக்குத் தெரியும்.

"நான் விளையாட வரல சேர். வாசிக்க வந்திருக்கேன்" என்றேன். ஆங்கிலத்தில் தொடங்கி, பதற்றத்தில் தமிழில் சொல்லி முடித்துவிட்டேன்.

மேசைக்குப் பின்னால் ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார். தலைவர், "அந்தக் கேள்வி வேண்டாம்" என்று கையைக் காட்டினார்.

கமிட்டியில் இன்னொருவர் விடுவதாக இல்லை. "சரி. இவர் ஆறு மாதம் இந்த மாவட்டத்தில் வசித்ததற்கு என்ன சாட்சி?"

தோட்டத்து ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வாங்கி வைத்திருந்தேன். அதை எடுப்பதற்குள் சிறிபால எழுந்துவிட்டார். அந்தப் பெரிய கையை நீட்டி, கேட்டவரையே காட்டினார்.

"நீங்கதான் சேர் சாட்சி!"

"நானா?"

"போன வருஷம் மழைக் காலத்துல எங்க மைதானத்துல சும்மா ஒரு மெச் வச்சோமே... நீங்கதானே ரெஃபரி? ராமையாவை வெளிய போடான்னு அனுப்பினது நீங்கதானே சேர்! மறந்துபோச்சா?"

அந்த மனிதர் ராமையாவை உற்றுப் பார்த்தார். ராமையா பணிவாக ஒரு கும்பிடு போட்டார். அதற்கப்புறம் யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. டவுன் கிளப் செக்ரட்டரியாலும்தான்.

ஆட்சேபம் தள்ளுபடி. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னும் என்ன மிஸ்?" என்றார் தலைவர்.

"இந்த முடிவை எழுத்தில் தர வேண்டும், சேர். எல்லாக் கிளப்புக்கும் ஒரு கொப்பி."

அது வீரமும் இல்லை, ஒன்றும் இல்லை. டைப்பிஸ்ட் புத்தி! எழுத்தில் இல்லாதது நாளைக்கு இல்லாமல் போய்விடும் என்று அந்த வேலை சொல்லிக் கொடுத்திருந்தது. பல வருஷம் கழித்து இப்போது யோசித்தால் இன்னொன்றும் தோன்றுகிறது. நம்மைத் தடுத்து நிறுத்துகிற சங்கதிகளில் பாதி, எந்தப் புத்தகத்திலும் கிடையாது. 'எல்லோருக்கும் தெரிந்ததுதானே' என்ற ஒரு சிரிப்பில்தான் அவை ஓடிக்கொண்டிருக்கின்றன. யாராவது நடுங்கிக்கொண்டாவது எழுந்து, பக்கம் எத்தனை என்று கேட்டுவிட்டால்... அவ்வளவுதான், பாவம், அவற்றால் நிற்க முடிவதில்லை.

திரும்பும்போது அப்பா பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். பஸ் ரவுணைத் தாண்டியது. பிறகு, "வாசிக்க வந்திருக்கேன்னு சொன்னியே... யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாருமில்லப்பா. அதுவா வந்துச்சி."

"ம்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சத்தம் பத்தல. பின்னால சரியா கேக்கல."

கேட்காமலா, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் கையைப் பிடித்து, 'அது எம் மக' என்று சொல்லியிருக்கிறார்? சிறிபால பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

கப் கிடைத்ததா என்று கேட்பீர்கள். இல்லை. இறுதி ஆட்டத்தில் மூன்றுக்கு ஒன்று. சந்தேகமே இல்லாத தோல்வி. எங்கள் வீட்டு மனுவுக்கு அடுத்த வருஷம் பதில் வந்தது. ராமையாவுக்கு இன்னும் சில வருஷம் பிடித்தது. இரண்டு குடும்பமும் இங்கேதான். தபாலைப் பிரித்த அன்று ராமையா கடைக்கு வந்து, வாசித்துச் சொல்லும்படி கபூர் நானாவிடம் நீட்டினாராம். நானா வாசித்துவிட்டு, கடையைப் பாதியில் சாத்தி எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தாராம்.

அந்த எழுத்துமூல முடிவு என்ன ஆனது? அதுதான் வேடிக்கை. கொப்பி எல்லா இடத்துக்கும் போனது. தோட்டங்களுக்கும் செய்தி பரவியது. ஆட்சேபம் எழுதுவார்களே என்று பயந்து லயத்து வாசல்களிலேயே விளையாடிக்கொண்டிருந்த பையன்களெல்லாம் கிளப் அமைத்தார்கள். அடுத்த வருஷம் லீக்கில் புதுசு புதுசாகத் தோட்டத்து அணிகள். அவர்களில் பலர் விண்ணப்பம் அடித்துத் தரச் சொல்லி என்னிடம்தான் வந்தார்கள். சந்தோஷமாக அடித்துக் கொடுத்தேன்.

அந்த வருஷம் எங்களுடைய முதல் ஆட்டமே அப்படி ஒரு புது அணியோடுதான், எங்கள் சொந்த மைதானத்தில். பதுளைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம். பதினொரு பேரும் வெறுங்கால். பதினொரு பேரும் ராமையா மாதிரியே விளையாடினார்கள்... ராமையாவைவிட ஆறேழு வயது குறைவாக! சிறிபாலவின் அந்தப் பெரிய கைகளுக்கு நடுவில் பந்து எப்படிப் போனதென்று அவருக்கே புரியவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று... ஐந்துக்கு சைபர்.

ஆட்டம் முடிந்ததும் ராமையா ஜெயித்த பையன்களின் தோளில் கை போட்டுக்கொண்டு, தான் ஜெயித்தவர்போலச் சிரித்துக்கொண்டு வந்தார். கபூர் நானா மட்டும் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, நாளைக்கே இன்னொரு லெட்டர் அடிங்க... இப்பிடி நல்லா வெளையாடுறது எந்தப் பக்கத்துல இரிக்கின்னு கேட்டு!"